முறைப் பட்டியல்

கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் மாதிரித் தேர்தல் இருந்தது. வேட்பாளர்களுக்குப் பெயர் கூடாது. சின்னம் கூடாது. பழம், பூ, விலங்கு எதுவும் கூடாது. எது எங்கே எந்தக் கட்சிக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டு நிறங்கள். நீலம், மஞ்சள். இவை யாரையும் குறிப்பதில்லை என்று முப்பது நாடுகளில் சோதித்துப் பார்த்ததாக அடிக்குறிப்பு சொன்னது.

எங்கள் சந்தையில் சோதிக்கவில்லை.

நான் பயிற்சியாளர். முன்பு ஆறு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியதால் எல்லோருக்கும் டீச்சர். மூன்று வருடமாக ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக ஜனநாயகப் பயிற்சி நடத்துகிறேன். அலுவலகம் சந்தைக்கு நேர் எதிரே, முதல் மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் சந்தையின் இரும்புக் கேட், உள்ளே முற்றம், சுற்றிலும் கடைகள் தெரியும். அறையில் மேசை உண்டு, பிரிண்டர் உண்டு, கழிப்பறை கிடையாது. அதற்குச் சந்தைக்குத்தான் போக வேண்டும். அதன் சாவி சந்தைச் சங்கச் செயலாளரிடம் இருந்தது. பகல் இரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்.

வழக்கமாகப் பயிற்சிக்கு முப்பது பேர் வருவார்கள். அதில் பாதி மின்விசிறிக்காக. மாதிரித் தேர்தலைச் சந்தை முற்றத்தில் வைத்தோம். நூற்றெண்பத்தேழு பேர் வந்தார்கள்.

தலை வாரி வந்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து விற்கும் பெண்கள் கூடையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கிவிட்டு வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை வரிசையில் நுழைந்த ஒருவரைச் சட்டையைப் பிடித்து வெளியே விட்டார்கள். என் பயிற்சியின் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணினோம். செல்லாதவை மூன்று. நீலம் அறுபத்தாறு. மஞ்சள் நூற்றுப் பதினெட்டு.

"மஞ்சள் வெற்றி" என்று அறிவித்தேன்.

முற்றம் கத்தியது. கேட் பக்கம் ஓடினார்கள். அங்கே மூன்றாவது கடை என் அண்ணியின் தையல் கடை. அண்ணியை ஸ்டூலோடு தூக்கினார்கள்.

பக்கத்தில் கிரேன் நின்றிருந்தார். சுமை தூக்குபவர். ஆள் குச்சி, தூக்குவது இரண்டு மூட்டை. அதனால் அந்தப் பெயர்.

"என்ன நடக்குது?" என்றேன்.

"நீங்களே அறிவிச்சுட்டு என்னைக் கேக்கறீங்களே டீச்சர். செயலாளர் தோத்துட்டாரு."

"அவரு எங்க நின்னாரு?"

கிரேன் முற்றத்தின் கோடியைக் காட்டினார். செயலாளரின் அறை. கதவு நீலம். பிறகு அண்ணியின் கடையைக் காட்டினார். வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய் மஞ்சள்.

"இப்படின்னு யாரு முடிவு பண்ணாங்க?"

"யாரும் பண்ணல. பாத்தாலே தெரியுதே."

சந்தைச் சங்கத்துக்குத் தேர்தல் நடந்து பதினோரு வருடம் ஆகிறது. கேட் சாவி, குழாய் அறைச் சாவி, கழிப்பறைச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில், ஒரே இடுப்பில். காலை நாலு மணிக்கு வந்து சாயங்காலம் வரை உட்காரும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள். அண்ணி மட்டும் மாதம் ஒரு தடவையாவது நீலக் கதவின் முன் நின்று சத்தம் போடுவாள். மஞ்சள் ஜெயித்ததற்கு அது போதும்.

நீலக் கதவு திறந்தது. செயலாளர் கை தட்டிக்கொண்டே வந்தார்.

"நல்ல நாடகம் டீச்சர். வெளிநாட்டுக்காரன் பெட்டி, வெளிநாட்டுக்காரன் சீட்டு, ஜெயிச்சது உங்க அண்ணி. நகராட்சிக்கு ஒரு லெட்டர் போட்டாப் போதும், உங்க ஆபீசுக்குப் பூட்டு. என்கிட்ட பூட்டு நெறைய இருக்கு."

சொன்னதில் பிழை இல்லை. வெளிநாட்டு உதவி பெறும் அமைப்பு எந்தத் தேர்தலிலும் கை வைக்கக் கூடாது. சட்டம் அப்படி. எங்கள் நிறுவனத்தின் விதியும் அதுவே.

அண்ணன் வீட்டு மாடியில் நான் இருக்கிறேன். சாப்பாடு கீழே. அன்று சாயங்காலம் அண்ணி ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்த அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வரிசைல நிக்கும்போதுதான் தெரிஞ்சுது. எனக்கு முன்னாடி கீரைக்காரம்மா. திரும்பி, உனக்குத்தான் போடப் போறேன், சாவியை மட்டும் மறந்துடாதேன்னாங்க. என்ன சாவின்னு கேட்டேன். சொன்னாங்க."

"உடனே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு? நான் மஞ்சள் இல்லைன்னா?"

"யாருக்குப் போட்டீங்க?"

"ரகசிய வாக்குன்னு மூணு வருஷமா கத்தறது நீதானே?"

அண்ணன் சிரித்தான். அண்ணி பார்த்ததும் நிறுத்தினான்.

"இது செல்லாது அண்ணி. ஒத்திகை."

ஊசி நின்றது.

"பதினோரு வருஷமா நடக்காதது இன்னிக்கு நடந்திருக்கு. அதைச் செல்லாதுங்கறே."

"ஆமா."

"நல்லா இருக்கு. நீச்சல் சொல்லிக் குடுப்பே. ஆத்துல எறங்கினா அடிப்பே."

என்னிடம் பதில் இருந்தது. அதை அண்ணியிடம் சொல்வதற்கு முன் செய்ய வேண்டும்.

மறுநாள் காலை அட்டையம்மா வந்தாள். உதவி நிறுவனத்தின் ஆலோசகர். எப்போதும் கையில் ஒரு எழுதும் அட்டை இருக்கும். பெயர் வைத்தது கிரேன். எங்கள் மொழியைப் புத்தகத்தில் கற்றவள். புத்தகம் போலவே பேசுவாள்.

"இது மகத்தான செய்தி! தங்கள் அண்ணியாரை நமது பெட்டியுடன் ஒரு புகைப்படம் எடுக்கலாமா?"

செயலாளர் சொன்னதைச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இருபது நிமிடம் தன் மொழியில் பேசினாள். வைத்தபோது முகம் வெளுத்திருந்தது. அதற்கு மேலும் வெளுக்க இடம் இருந்தது எனக்கு ஆச்சரியம்.

"இரண்டு கடிதங்கள் கேட்கிறார்கள். ஒன்று, இது ஒரு வெற்றிக் கதை என்று. மற்றொன்று, இது நடக்கவே இல்லை என்று."

"ரெண்டையும் ஒரே கவர்ல போடணுமா?"

அவள் யோசித்தாள். "அதை நான் கேட்கவில்லை."

நான் ஒரே கடிதம் எழுதினேன். இந்தத் தேதியில் சந்தையில் மாதிரி வாக்களிப்பு நடந்தது. அதில் யாரும் எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. முடிந்தது. நாலு வரி. எல்லாம் உண்மை. ஒரு பிரதி நகராட்சிக்கு, ஒரு பிரதி தலைமை அலுவலகத்துக்கு. மூன்றாவதைச் செயலாளர் கையில் நானே கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். போடலாம் என்றிருந்த லெட்டருக்கு இனி வேலை இல்லை.

பிறகு எங்கள் முத்திரை இருந்த எல்லாவற்றையும் முற்றத்திலிருந்து எடுத்தேன். கண்ணாடிப் பெட்டி, சீட்டு, மறைப்புத் தட்டி, பேனர். கிரேன் மாடிக்குத் தூக்கி வந்தார். பூட்டினேன். திரும்பவும் இறங்கிப் போய், கேட்டுக்கு வெளியே நின்று சொன்னேன்.

"நேத்து நடந்தது ஒத்திகை. செல்லாது. உங்களுக்குத் தேர்தல் வேணும்னா உங்க சங்கத்துல கேளுங்க. பெட்டி தர மாட்டேன். உங்க தேர்தலுக்கு நானும் உள்ள வர மாட்டேன்."

"மூணு வருஷம் சொல்லிக் குடுத்துட்டு இப்பக் கையை விரிக்கறியே" என்றார் கீரைக்காரம்மா.

"கையை விரிக்கத்தாம்மா சொல்லிக் குடுத்தேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி தார்ப்பாய்க்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். மிஷின் சத்தம் கேட்டது. அரை நிமிடம். நின்றது. அண்ணி வெளியே வந்து தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்தாள். மடித்து உள்ளே வைத்தாள். வெயில் நேராக மிஷின் மேல் விழுந்தது.

பிறகு நீலக் கதவைத் தட்டினாள். பின்னால் நூறு பேராவது இருந்தார்கள்.

செயலாளர் முட்டாள் இல்லை. பொதுக்கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டார். மறுநாள் மதியம், முற்றத்தில், மைக் வைத்து. அவருக்கு மைக் பிடிக்கும்.

நானும் அட்டையம்மாவும் எங்கள் அறை ஜன்னலில் நின்றோம். மைக் இருந்ததால் ஒரு வார்த்தையும் தப்பவில்லை.

"தேர்தல் தானே? வெச்சுக்கலாம்" என்றார் செயலாளர். "அடுத்த ஞாயித்துக்கிழமை, சந்தை லீவு அன்னிக்கு. சங்க விதிப்படி. உறுப்பினர்னா யாரு? கடை லைசன்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்க. தொண்ணூத்தாறு பேரு. நீலமும் இல்ல, மஞ்சளும் இல்ல. சட்டம்."

முற்றம் அடங்கியது. லைசன்ஸ் வைத்திருக்கும் தொண்ணூற்றாறு பேரில் பாதிக்கு மேல் சந்தைக்கு வருவதே இல்லை. கடையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். அண்ணியின் கடை லைசன்ஸும் அவள் பேரில் இல்லை. தரையில் விற்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள் கணக்கிலேயே இல்லை. சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். இன்னும் பதினோரு வருடம்.

அட்டையம்மா கையேட்டைப் புரட்டினாள்.

"வாக்காளர் பட்டியல் பற்றிப் பதினான்கு பக்கங்கள் உள்ளன. நாம் கீழே சென்று கூறலாம்."

"கூடாது."

"ஒரே ஒரு குறிப்பு?"

"கூடாது."

"தாங்கள் மிகவும் கடினமானவர்."

"வாயைத் திறந்தா ஜெயிச்சது நாமன்னு ஆயிடும்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன். அந்தப் பதினான்கு பக்கமும் எனக்கு மனப்பாடம். என் அண்ணிக்கு அதில் ஒரு வரி தெரியாது.

அண்ணி மைக்கை வாங்கினாள். ஊதிப் பார்த்தாள்.

"செயலாளர் ஐயா, ஒரு சந்தேகம். நாளைக்கு முற்றம் கழுவறது யாரு?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்களேன்."

"போர்டுல இருக்கு."

"படிங்களேன். உங்க கையெழுத்துதானே."

கழிப்பறைச் சுவரில் ஒரு தகரப் பலகை. முற்றம் கழுவும் முறை. தினம் விடியலில் ஏழெட்டுப் பேர் வாளியும் விளக்குமாறுமாகக் கழுவ வேண்டும். சந்தையில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரு நாள். முறை தவறினால் செயலாளர் மறுநாள் உள்ளே விடமாட்டார். பதினோரு வருடமாக அவர்தான் எழுதுகிறார். ஒருவரையும் விட்டதில்லை. யாராவது செத்தால் அழிப்பார், புதிதாக யாராவது கூடையோடு வந்தால் அன்றைக்கே சேர்ப்பார். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அவ்வளவு சுத்தமான பட்டியல் வேறு கிடையாது.

செயலாளர் படித்தார். "தரைக் கீரை. நாலாம் நம்பர் வெங்காயம். ஒன்பதாம் நம்பர் சுமை. தையல்..."

"இவங்கள்லாம் சந்தைக்காரங்களா, வெளியாளுங்களா?"

"சந்தைக்காரங்க இல்லாம? வெளியாளு வந்தா கழுவுவான்?"

மைக்கில் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

முதலில் சிரித்தது கீரைக்காரம்மா. பிறகு முற்றம் முழுவதும்.

"அப்பக் கழுவறவங்க எல்லாருக்கும் ஓட்டு" என்றாள் அண்ணி. "போர்டுல எத்தனை பேரு?"

"இருநூத்து மூணு!" என்று யாரோ எண்ணிச் சொன்னார்கள்.

அட்டையம்மா கையேட்டை மூடினாள்.

அப்போது கிரேன் கையைத் தூக்கினார். அவருக்கு மைக் தேவையில்லை.

"ஆனா போர்டுல செயலாளர் பேரு இல்லையே! அவருக்கு ஓட்டே கெடையாது! ஓட்டு இல்லாதவரு எப்படி நிப்பாரு?"

உண்மை. எல்லோரையும் எழுதியவர் தன்னை எழுதவில்லை. விசில் பறந்தது. "அவ்ளோதான், முடிஞ்சுது, சாவியைக் குடு" என்று கத்தினார்கள். செயலாளர் பலகையைப் பார்த்தபடி நின்றார். அண்ணி அந்த நிமிடமே போட்டியில்லாமல் செயலாளர் ஆகியிருக்கலாம். ஆகிவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆகட்டும் என்றும் இருந்தது.

அண்ணி தையல் சாக்கட்டியைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"ஐயா, தேர்தல் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை ஒரு எடம் காலியா இருக்கு. எழுதுங்க."

அவர் அண்ணியைப் பார்த்தார். பிறகு சாக்கட்டியை வாங்கிக் கடைசி வரியில் தன்னை எழுதினார். இருநூற்று நாலு.

"தாங்கள் அவருக்கு முன்னரே பயிற்சி அளித்தீர்களா?" என்று அட்டையம்மா கேட்டாள்.

"மூணு வருஷத்துல எங்க அண்ணி ஒரு வகுப்புக்கும் வந்ததில்ல. தைக்க வேலை இருக்கும்."

அந்த வாரம் கழிப்பறை சாயங்காலம் ஆறு மணி வரை திறந்திருந்தது. செயலாளர் வாசலில் நின்று, "போங்கம்மா, போங்க" என்று வழி விட்டார். குழாயில் புது வாளி. அண்ணிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஓட்டுக்காகத் தொறக்கறாருடி."

"அதுக்குத்தான் அண்ணி ஓட்டு."

அன்று இரண்டு முறை நானும் போய் வந்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாக்களிப்பு. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெட்டியும் சீட்டும் இல்லை. பருப்புக் கடைக்காரர் காய்ந்த பட்டாணி கொடுத்தார். ஆளுக்கு ஒன்று. திரைக்குப் பின்னால் ஒரே மாதிரி இரண்டு டப்பா. ஒன்றில் செயலாளர் படம், ஒன்றில் அண்ணி படம். விழும் சத்தம் வெளியே கேட்கும் என்று அடியில் துணி போட்டார்கள். துணி அண்ணியின் கடையிலிருந்து வரக் கூடாது என்றார் செயலாளர். தன் தோள் துண்டையே பாதியாகக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டிலிருந்து யாராவது பட்டாணி கொண்டு வந்தால்? உள்ளே போகும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கையேட்டில் இதெல்லாம் இல்லை. வரவும் வராது.

எண்ணும்போது ஒரு சச்சரவு. எண்ணுவதைவிட எடை போட்டால் சீக்கிரம் முடியும் என்றார் வெங்காயக்காரர். "என் டப்பால சின்னப் பட்டாணியா விழுந்திருந்தா?" என்றார் செயலாளர். நியாயம்தான் என்று ஒவ்வொன்றாக எண்ணினார்கள்.

வந்து போட்டவர்கள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பட்டாணி நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

கிரேன் வானத்தைப் பார்த்தார்.

"செல்லாது! மறுபடி நடத்தணும்!" என்றார் செயலாளர்.

அண்ணி தன் டப்பாவில் கை விட்டாள். ஒரு பட்டாணியை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். வாயில் போட்டுக் கடித்தாள்.

"இப்ப எண்ணுங்க."

அண்ணிக்கு நூற்றாறு. செயலாளருக்குத் தொண்ணூற்றிரண்டு.

திறந்திருந்த கழிப்பறை அவருக்கு நிறைய வேலை செய்திருந்தது. போதவில்லை. வளையத்தை இடுப்பிலிருந்து அவரே கழற்றினார். கழற்ற நேரம் பிடித்தது; பதினோரு வருடத்தில் கயிறு இறுகியிருந்தது. கடைசியில் அண்ணி கத்தரிக்கோல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அட்டையம்மா அறிக்கைப் படிவத்தை எடுத்தாள். நான் எழுதினேன். மாதிரி வாக்களிப்பு: ஒன்று. பங்கேற்றோர்: நூற்றெண்பத்தேழு. படிவத்தின் அடுத்த கட்டத்தில் கேள்வி: நமது ஆதரவுடன் நடந்த தேர்தல்கள். இல்லை என்று எழுதினேன்.

"இல்லை என்று எழுதினால் அடுத்த ஆண்டு நமக்கு அலுவலகம் இல்லாமல் போகலாம்."

"போகலாம்."

"ஆனால் அது உண்மை."

"ஆமா."

அவள் பேனாவை அட்டையில் இரண்டு முறை தட்டினாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, அடிக்குறிப்பின் கீழே தன் கையால் ஒரு வரி எழுதினாள்: நிறங்களைத் தேர்வு செய்யுமுன் கதவுகளைப் பார்க்கவும்.

"இதைத் தலைமை அலுவலகம் ஏற்குமா?" என்றேன்.

"ஏற்காது. ஆயினும் அனுப்புவேன்."

செவ்வாய்க்கிழமை காலை சீக்கிரமே வந்து ஜன்னலைத் திறந்தேன். முற்றம் ஈரமாக இருந்தது. ஏழு பேர் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஆள் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். விளக்குமாற்றைப் பிடிக்கத் தெரியவில்லை.

"அந்த மூலை, ஐயா, அந்த மூலை" என்றார் கிரேன். அன்று கிரேனுக்கு முறை இல்லை. பார்க்க வந்திருந்தார்.

"தெரியும் போடா. ரெண்டே வருஷம். அப்புறம் பாக்கறேன் உன்னை."

"தேதி போர்டுல இருக்கு" என்று கடைக்குள்ளிருந்து அண்ணி சொன்னாள்.

இருந்தது. பலகையின் உச்சியில் அடுத்த தேர்தலின் தேதியை அண்ணி எழுதியிருந்தாள். சாக்கட்டியில் இல்லை, பெயிண்டில்.

கீழே இறங்கினேன். அண்ணியின் கடைக் கதவில் ஓர் ஆணி. இப்போது கழிப்பறைச் சாவி அதில்தான் மாட்டியிருக்கும். கை நீட்டினேன். ஆணி காலியாக இருந்தது.

"எனக்கு முன்னாடி மூணு பேரு இருக்காங்க" என்றார் கீரைக்காரம்மா. "வரிசைல நில்லு டீச்சர்."

நின்றேன்.